சத்தமில்லாமல் நடந்த பள்ளிக்கூடம்

என் குரலாகவே இருந்த அக்காவுக்கு,

இன்றைக்குச் சனிக்கிழமை. அத்தான் உன் பிள்ளைகள் மூன்று பேரையும் மலைத்தண்ணீர் விழும் பீலிக்குக் குளிக்கக் கூட்டிப்போயிருக்கிறார். அவர்கள் திரும்பி வரும் வரைக்கும் வீட்டில் நான் மட்டும்தான். இந்த இடைவெளியில் படுத்துத் தூங்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வருகிற வருடத்துக் கலண்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தெல்தோட்டைக் கடையில் சும்மா கொடுத்தது. பன்னிரண்டு தாளிலும் வெறும் கட்டங்கள். பவிக்கு ஐந்தாம் வகுப்பு, தினேஷுக்கு மூன்றாம் வகுப்பு, கீர்த்திக்கு இரண்டாம் வகுப்பு. மூன்று பேருக்கும் ஒரே மேசை. பென்சிலை எடுத்தேன், கை ஓடவில்லை. அதனால் முதலில் உனக்கு எழுதுகிறேன்.

பாதை இன்னும் வரவில்லை அக்கா. உன்னைக் கொண்டுபோன அதே மழைதான் பாதையையும் கொண்டுபோனது. கீழ் லயத்து வரிசை வீட்டு ஆட்களை மேலே கூட்டி வருகிறேன் என்று குடையோடு இறங்கினாய். ஆட்கள் வந்தார்கள். நீ வரவில்லை. மலை சரிந்த இடத்தில் இப்போது புல் முளைத்துவிட்டது. ஒரு வருடத்துக்குள் புல் இவ்வளவு உயரம் வளருமா?

பள்ளிக்கூடச் சுவர் வெடித்ததால் அதையும் மூடிவிட்டார்கள். வேறு பள்ளிக்கூடத்துக்குப் போவதென்றால் தேயிலைக்குள்ளால் இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும். பெரிய பிள்ளைகள் நடக்கிறார்கள். நம் மூன்று பேரும் எப்படி நடப்பார்கள்? தலைமையாசிரியர்தான் அத்தானிடம் சொன்னார், பெயர் பள்ளிக்கூட இடாப்பில் இருக்கட்டும், வீட்டில் படிக்கட்டும், வருட முடிவில் ஒரு டீச்சரை அனுப்பிப் பார்க்கிறேன் என்று. அத்தானுக்கு இப்போது பல்லேகலயில் வேலை. வாரம் முழுக்க அங்கேயே தங்கிவிட்டுச் சனிக்கிழமைதான் வருவார். அம்மாவும் அப்பாவும் போன பிறகு உன் வீட்டிலேயே வளர்ந்த நான்தான் மிச்சம். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் டீச்சர் ஆனேன்.

போன தைமாதம் நான் போட்ட திட்டத்தை நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். பிஸ்கட் பெட்டி அட்டையில் மூன்று தவணைக்கும் கோடு போட்டேன். கொப்பிகளுக்கெல்லாம் நீ போடுவது மாதிரியே உறை போட்டேன். மூன்று பால்மா டின்னைக் கழுவிக் காய வைத்து, ஒன்றில் சிவப்பு நூல், ஒன்றில் பச்சை நூல், ஒன்றில் மஞ்சள் நூல் கட்டினேன். தினமும் காலையில் அவரவர் டின்னில் அன்றைய வேலையைத் துண்டுத் தாளில் எழுதிப் போட்டுவிடுவேன். பவியின் துண்டில் பிரித்தல் கணக்கு. தினேஷின் துண்டில் வாய்ப்பாடு. கீர்த்திக்கு எழுதினால் புரியாது என்பதால் படம் வரைந்து, பக்கத்தில் எழுத்து. அவர்கள் எடுப்பார்கள், எழுதுவார்கள், காட்டுவார்கள். நான் சரி போடுவேன். தப்பென்றால் அதையும் எழுதிக் காட்டுவேன்.

மூன்று வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒரே காம்பராவில் வைத்துப் படிப்பிக்க இதைவிட நல்ல வழி இல்லை என்று நினைத்தேன். ஒருவர் சத்தம் இன்னொருவருக்கு இடைஞ்சல் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பொன்னம்மா அக்காவே சொன்னார், “மூணு புள்ளைங்க இருக்கிற வீடா இது? கோயில் மாதிரில்ல இருக்கு.” எனக்குப் பெருமையாக இருந்தது.

உண்மையான காரணம் உனக்குத் தெரியும். எனக்கு வாய் வராது. பள்ளிக்கூடக் காலைக்கூட்டத்தில் செய்தி வாசிக்கச் சொன்ன அன்று, தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேனே, ஒரு சொல்லும் வராமல். முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த நாள் நான் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. நீ திட்டவில்லை. “சரி, வீட்ல இரு. ஆனா எழுதாம மட்டும் இருந்துறாத” என்றாய். அதன் பிறகு கடையில், கிளினிக்கில், பஸ்ஸில் எனக்காகப் பேசியதெல்லாம் நீதான். நான் உன் முதுகுக்குப் பின்னால் நின்றேன். இப்போது நிற்க முதுகு இல்லை.

வருடம் எப்படிப் போனதென்று கேட்காதே. காலையில் தண்ணீர், விறகு, ரொட்டி. பிறகு மூன்று டின். பிறகு உடுப்பு, சோறு, மறுபடியும் கொப்பி. மழை பெய்தால் கட்டிலை இழுத்துப் போட்டுவிட்டு ஒழுகும் இடத்தில் சட்டி வைத்துவிட்டுப் பாடம். சரி போடும்போதே கண் மூடிவிடும். ஒரு நாள் தினேஷின் கொப்பியில் என் பென்சில் கோடு பக்கத்தைத் தாண்டி மேசை வரைக்கும் போயிருந்தது. அவன் ஒன்றும் சொல்லாமல் மேசையை அழிறப்பரால் அழித்துக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை டீச்சர் வந்தார். காலில் ஐந்து அட்டை கடித்துத் தொங்கியது. அதைக் கழற்றச் சவர்க்காரம் கொடுத்தேன், குடிக்கத் தேயிலை கொடுத்தேன், வாங்க என்று சொல்ல நினைத்தேன். தலையை ஆட்டினேன்.

டீச்சர் கொப்பிகளைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். “எழுத்து முத்து முத்தா இருக்கே! யாரு புள்ள சொல்லிக் குடுத்தது, நீயா?” என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. பிறகு தினேஷைக் கூப்பிட்டார்.

“ஏழெட்டு எவ்வளவுப்பா?”

அவன் டீச்சரின் தேயிலைக் கோப்பைக்குக் கீழே இருந்த ஈரத்தில் விரலைத் தொட்டு, தரையில் ஐம்பத்தாறு என்று எழுதினான்.

“சரிதான். வாயால சொல்லு பாப்போம்.”

அவன் தரையையே பார்த்தான். பவியிடம் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். பவி உள்ளே போய்த் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வந்து, அந்தப் பாடத்தை அப்படியே பார்த்து எழுத ஆரம்பித்தாள். டீச்சர் கீர்த்தியைப் பக்கத்தில் இழுத்து, “உன் பேரு என்னா கண்ணு?” என்றார். கீர்த்தி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இது யாருகிட்ட பழகிச்சு?” என்று கேட்டபடி டீச்சர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த நேரம் என் கையும் என் வாயில்தான் இருந்தது அக்கா.

உன் பிள்ளைகள் லயம் முழுக்கக் கேட்கக் கத்தினவர்கள். ஒரு வருடத்தில் நான் அவர்களை என்னைப்போல் ஆக்கிவிட்டேன். வீடு அமைதியாக இருக்கிறது, அமைதியாக இருக்கிறது என்று சந்தோசப்பட்டேனே, அது எதன் அமைதி என்று நான் ஒரு நாளாவது யோசித்தேனா?

டீச்சர் கோபப்படவில்லை. “எழுத்துல குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா வாசிச்சுக் காட்டாம எப்புடி நான் அடுத்த வகுப்புக்கு எழுதிக் குடுக்கிறது? திங்கக்கிழமை இன்னொரு தடவ வாறேன். அதுக்கு மேல என்னால ஏலாது, இந்த அட்டைங்க என்னைய முழுசாக் குடிச்சிரும்” என்றார். மூன்று பேரும் வாசித்தால் அவரவர் வகுப்பு. இல்லையென்றால் அதே வகுப்பில் இன்னொரு வருடம்.

அத்தானுக்குப் போனில் சொன்னது பவி இல்லை, நான் இல்லை, பொன்னம்மா அக்கா. அத்தான் என்னைக் கேட்டாராம். போனைக் காதில் வைத்தேன். “மஞ்சு, நீ கஸ்டப்பட்டது போதும்மா. திங்கக்கிழமை சரிவரலன்னா பவியையும் தினேஷையும் கட்டுகஸ்தோட்டையில என் தங்கச்சி வீட்டுல விடுறேன். பள்ளிக்கூடம் பக்கம். சின்னவ மட்டும் உங்கிட்ட இருக்கட்டும்” என்றார்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். போகட்டும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஒரு பிள்ளை, ஒரு டின், ஒரு கொப்பி. பகலில் ஒரு மணி நேரம் படுக்கலாம். அப்படி நினைத்துக்கொண்டே திரும்பினால், பவி கீர்த்தியின் மஞ்சள் டின்னிலிருந்து துண்டை எடுத்துப் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். கீர்த்தி விரலை வைக்க, பவி தலையை ஆட்ட, தினேஷ் எட்டிப் பார்த்துச் சரி போட்டான். சத்தமே இல்லாமல் மூன்று பேரும் ஒருவராக இருந்தார்கள். இதை எப்படிப் பிரிப்பது?

அன்று பின்னேரம் கருவாடு கழுவ எடுத்தேன். சுற்றியிருந்த பத்திரிகைத் தாளை அடுப்பில் போடப் போனேன். கீர்த்தி கையைப் பிடித்துக்கொண்டாள். உனக்கு ஞாபகம் இருக்கிறதா, கடையிலிருந்து எது சுற்றி வந்தாலும் அந்தத் தாளை நீ உரக்க வாசித்துவிட்டுத்தான் எரிப்பாய்? கிழிந்த இடம் வந்தால் உன் பாட்டுக்கு ஒரு முடிவு சொல்லுவாய். கீர்த்தி தாளை என் கையில் திணித்தாள். வாசி என்று கண்ணால் கேட்டாள்.

தாளை விரித்துப் பிடித்தேன். குரல் வந்தது, நூல் மாதிரி. “பால் தரும் பசு விற்பனைக்கு. சாதுவானது. நேரில்...” அதோடு தாள் கிழிந்திருந்தது.

“நேர்ல என்னா?” என்றான் தினேஷ். டீச்சர் போன பிறகு அவன் பேசிய முதல் பேச்சு அது.

“தெரியல. கிழிஞ்சிருக்கு.”

“அம்மான்னா சொல்லுவாங்க.”

யோசித்தேன். “நேரில் வந்தால் பசுவே விலை பேசும்” என்றேன்.

பவி புரையேறச் சிரித்தாள். “சித்தி, அம்மா இப்புடி குசுகுசுன்னு வாசிக்க மாட்டாங்க. இங்க குடுங்க!” என்று பிடுங்கினாள். மற்றப் பக்கத்தை அவள் வாசித்தாள், பிறகு தினேஷ் பிடுங்கி அதே பசுவை இன்னும் பெரிய சத்தத்தில் விற்றான். சுவரில் டொக்கு டொக்கென்று தட்டு விழுந்தது.

“அடியே மஞ்சு, என்னா அங்க ஏலம் போடுறீங்களா?”

எப்போதும் இப்படித் தட்டினால் நீதானே பதில் சொல்லுவாய்? பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் வாயிலிருந்து கையை எடுத்தேன்.

“ஆமாக்கா! பசு வேணுமா?”

சுவருக்கு அந்தப் பக்கம் பொன்னம்மா அக்கா அழுதாரா சிரித்தாரா என்று எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

மூன்று நாளில் வீட்டில் இருக்கிற எல்லாத் தாளும் வாசித்துத் தீர்ந்துவிட்டது. சவர்க்கார உறை, மருந்துச் சீட்டு, தீப்பெட்டி. வாசிக்கும்போது தினேஷ் கத்துகிறான், பவி வேகமாக ஓடுகிறாள், கீர்த்தி எழுத்துக் கூட்டி வரும்போது தெரியாத எழுத்தைத் தாண்டிக் குதிக்கிறாள். மூன்று நாள் போதுமா? ஒரு வருடத்தை மூன்று நாளில் திருப்ப முடியுமா? தெரியாது. டீச்சர் புதிய முகம், நான் பழைய முகம். அவர் முன்னால் மறுபடியும் தரையைப் பார்த்தால் நான் என்ன செய்வேன்?

பீலிப் பக்கமிருந்து சத்தம் கேட்கிறது. தினேஷ் அத்தானுக்குப் பசு விற்கிறான். அவர்கள் வருவதற்குள் கலண்டரில் ஒரு வரி எழுதிவிட்டேன். பன்னிரண்டு தாளிலும் அதே வரி: பாடத்துக்கு முன்னால் சித்தி வாசிப்பாள். மற்றக் கட்டங்களைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம். டின்கள் இருக்கட்டும், அரிசி போட உதவும்.

திங்கட்கிழமை டீச்சர் வந்ததும் பிள்ளைகளிடம் புத்தகத்தைக் கொடுக்கவிட மாட்டேன். முதலில் நான் வாங்கி, நின்றுகொண்டு, ஒரு பக்கம் வாசிப்பேன். சிரித்தால் சிரிக்கட்டும்.

அதற்கு முன்னால் நாளைக்குக் காலையில் உன்னைப் புதைத்த மேட்டுக்கு வருவேன். இந்தக் கடிதத்தைக் கல்லுக்கு அடியில் வைத்துவிட்டு ஓடிவிட மாட்டேன். முதல் வரியிலிருந்து உனக்கு வாசிப்பேன். போகட்டும் என்று நினைத்த அந்த வரியையும் விடமாட்டேன். தேயிலைக்குள்ளால் போகிறவர்களுக்கும் கேட்கும். கேட்கட்டும் அக்கா.

உன் முதுகுக்குப் பின்னாலிருந்து வெளியே வருகிற,
உன் தங்கச்சி,
மஞ்சு