கசப்பியின் பல்

அம்மா,

சிரம்பானில் பல் டாக்டர் என் தாடையைப் பிடித்ததும் கையுறையின் ரப்பர் வாடை மூக்கில் ஏறியது. உன் கை வாடை. ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டி வெட்டி உள்ளங்கையில் ஊறிப்போன அதே வாடை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கிழவி பயந்துவிட்டாள் என்று அந்த டாக்டர் பெண் நினைத்திருப்பாள்.

பிறகு அவள்தான் திகைத்தாள். இந்த வயதில் ஒரு பல்லிலும் சொத்தை இல்லை. இனிப்பே தொட மாட்டீர்களா பாட்டி என்று கேட்டாள். தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளில் எனக்குக் கசப்பி என்று பெயர் வந்த கதையைச் சொன்னேன்.

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலம். பகாவ் பக்கத்து நம் தோட்டத்தில் அரிசியைப் பார்ப்பதே பெரிய விஷயம். மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும்தான் சோறு. மரவள்ளியை நான் ஒரு கை பார்ப்பேன். சர்க்கரைவள்ளி ஒரு வாய் போனாலோ வாந்தி, வேர்வை, கை கால் துவண்டுவிடும். பஞ்சத்திலும் இவளுக்கு ருசி கேட்கிறது என்று பேசினார்கள். நீ யாரிடமும் வாதாடவில்லை. நம் சர்க்கரைவள்ளியைக் கொடுத்து மரவள்ளியாக மாற்றிக்கொண்டு வந்தாய்.

எனக்கு முன் பிறந்த அண்ணனும் இப்படித்தான் துவண்டானாம். தெம்பு வரட்டும் என்று எல்லோருமாகச் சீனித் தண்ணீர் ஊட்டினீர்கள். ஊட்ட ஊட்ட மோசமாகி, போயே விட்டான். அதை நீ மறக்கவே இல்லை.

அதனால்தான் எனக்குக் காய்ச்சல் கண்ட அன்று அப்படி நடந்துகொண்டாய். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, ஒளித்து வைத்திருந்த கடைசிச் சீனியைக் கரைத்துக் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் அதை வேண்டாம் என்பது முகத்தில் அடிப்பது போல. டம்ளர் என் உதட்டருகே வந்ததும் உன் உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினாய்.

"பெத்தவளே புள்ளைய கொல்லப் பாக்குறியா? நல்ல கசப்பிய பெத்து வச்சிருக்க."

"கசப்பியாவே இருக்கட்டும்க்கா. உசுரோட இருந்தா போதும்."

பெரியம்மா ரொம்ப நாள் உன்னோடு பேசவில்லை. நான் எழுந்து ஓடியாடிய பிறகு மரவள்ளி அவித்துக் கொண்டுவந்ததும் அவர்தான்.

பழத்திலும் சீனியிலும் உள்ள இனிப்பை உடம்பு ஏற்காத பிறவிக் கோளாறாக இருக்கலாம் என்று டாக்டர் பெண் விளக்கினாள். அம்மா அப்பா இருவர் வழியாகவும் வருவதாம். இதே போன்ற வேறு சில கோளாறுகள் பல்லையே அரித்துவிடுமாம். இதில் இனிப்பை விலக்கி வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொத்தை வருவது அபூர்வமாம். கேட்டதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. நீ உயிரைத்தான் காப்பாற்றினாய், பல் கொசுறாக வந்தது.

வெளியே ஓர் இளம் தாய், சின்ன மகளோடு காத்திருந்தாள். அந்தக் குழந்தைக்கும் இதே கோளாறாம்; அவளைப் பார்த்துத்தான் டாக்டருக்கே இது தெரியுமாம். பிறந்தநாள் கேக்கைக்கூடத் தர மறுக்கிறாளே, கல்நெஞ்சுக்காரி என்று சொந்தக்காரர்கள் ஏசுவதாக அவளே சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் வாயை அகலத் திறந்து என் பல்லைக் காட்டினேன். சின்னவள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"யாரு என்னா சொன்னாலும் கைய எடுத்துறாதம்மா," என்றேன்.

எந்தக் கை என்று அவளுக்குப் புரியவில்லை. என் உள்ளங்கையை எடுத்து, அன்று நீ பொத்தியது போலவே, என் வாய்மேல் வைத்துக் காட்டினேன்.