மைதாப் பசையில் ஒட்டிய கித்தார்

சிவகாசி, 13.2.1961

மைதாப் பசையில் ஒட்டிய கித்தார் ஆறு கம்பிகளின் இழுப்பைத் தாங்குமா, அப்பா? எனக்குத் தெரியவில்லை. வணக்கம். உங்கள் மூச்சிரைப்பு தேவலையா?

பள்ளி விட்டு வந்தால் பேச ஆளில்லாததால் செய்யும் மூன்றாவது கித்தார் இது. முதல் இரண்டும் பிரிந்துவிட்டன. இம்முறை மரம் ஒட்டும் வஜ்ஜிரப் பசை காய்ச்ச முற்றத்தில் அடுப்பு மூட்டினேன். வீட்டுக்காரி பொன்னுத்தங்கம் ஓடிவந்து தண்ணீரை ஊற்றிவிட்டாள். “வெடித்திரி காயிற இடத்துல நெருப்பா? நீங்க படிச்சவுகதானா?” பயப்படாதீர்கள், ஒன்றும் ஆகவில்லை. பட்டாசுக் குழாய் ஒட்டும் மைதாப் பசையை அவளே தந்தாள். இதுவும் பிரிந்தால், நீங்கள் சொல்வதுபோல் வேலையை விட்டு வந்துவிடுகிறேன்.

புதுக் கம்பிகளைத் தனித்தனித் தபாலில் அனுப்புங்கள். தபால்காரராவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார். வகுப்பு மணியடிக்கிறது.

மகள்,
வேதவல்லி

மறுநாள்: பழைய கம்பிகளை மாட்டிப் பார்த்தேன்; ஆறாவது கம்பியை முறுக்கியதும் பலகை பிரிந்தது. “பசை தண்ணியாப் போச்சு டீச்சர். கெட்டியாக் கொண்டாரேன், நானும் கூடப் பிடிக்கேன்” என்றாள் பொன்னுத்தங்கம். ராஜினாமா எழுதவில்லை.