அவருக்குப் பண்ணின சாஸ்

இன்று மத்தியானம் என் மருமகள் ஃப்ரிட்ஜிலிருந்து தக்காளி சாஸ் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள். மூடியைத் திறந்ததும் வினிகரும் சர்க்கரையும் சேர்ந்து புளித்த வாடை வந்தது. பாட்டிலின் வாயைச் சுற்றிச் சிவப்பாகக் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது, ஆறாத புண்ணைப் போல. அதை நகத்தால் சுரண்டிவிட்டு, பாட்டிலின் அடியில் நாலு தட்டுத் தட்டி, வெந்த பாஸ்தாவின் மேல் கொட்டினாள். "ஒரு வாய் சாப்பிட்டுத்தான் பாருங்கோளேன்மா" என்றாள். எழுந்துபோய்க் கை அலம்பினேன். எதையும் தொடவில்லை, ஆனாலும் சோப்புப் போட்டு அலம்பினேன்.

கிழத்துக்கு எதைப் பார்த்தாலும் அருவருப்பு என்று அவள் நினைத்திருப்பாள். நினைத்துக்கொள்ளட்டும். எனக்கு அருவருப்பு அந்தப் பாட்டிலோடு நிற்கவில்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அது தெரிந்திருக்கக்கூடியவள் நீ ஒருத்திதான். நீ கண்ணை மூடி மூன்று மாதம் ஆகிவிட்டது. அறுபது வருஷம் அடுத்தடுத்து உட்கார்ந்து பேசியபோது சொல்லாததை இப்போது காகிதத்தில் எழுதுகிறேன். இதுவும் ஒரு கேவலம்தான்.

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸை விட்டு ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிக்குக் குடிவந்தோம். உங்கள் அகத்துக்கும் எங்கள் அகத்துக்கும் நடுவில் ஒரே சுவர். வந்த இரண்டாம் நாளே கொல்லைக் கிணற்றடியில் நீ என்னைப் பார்த்து, "பொன்மலைலே எல்லாம் முட்டை நாத்தம் அடிக்குமாமே, நிஜமா?" என்று கேட்டாய். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, உடனே சிரிப்பும் வந்தது. அன்றைக்கே சிநேகிதமாகிவிட்டோம். உனக்கும் எனக்கும் அப்போது இருபத்தாறு வயது.

அந்த வருஷம்தான் உன் ஆத்துக்காரருக்கு முகமும் காலும் வீங்கின. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். தெப்பக்குளத்துப் பக்கத்து டாக்டர் சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்றார். உப்பு, ஊறுகாய், அப்பளம் எதுவும் ஆகாது, வேகவைத்த காய்கறியைக் கொடுங்கள், உப்பு மட்டும் ஒரு கல்கூடக் கூடாது என்று விரலை ஆட்டிச் சொல்லியனுப்பினார்.

போனவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். நான் சொல்வேன். உன் ஆத்துக்காரர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், ஊரில் நல்ல பேர், ஆனால் இலைமுன் உட்கார்ந்துவிட்டால் நாக்கைத் தவிர வேறொன்றும் இல்லாத மனுஷர். உப்பில்லாத கத்திரிக்காயை முதல் நாள் வாயில் போட்டவர், மென்றதை அப்படியே இலையில் துப்பினார். நீ அதைக் கையால் வழித்து எடுத்தாய். கூடத்தில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். துப்பியதைவிட, நீ முகம் சுளிக்காமல் வழித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

நாலாம் நாள் நீ சுவரோரம் வந்து அழுதாய். "வெறும் காபிதான்டி உள்ளே போறது. வியாதி கொல்றதுக்கு முன்னாடி பட்டினி கொன்னுடும் போலிருக்கு. உனக்குத்தான் இங்கிலீஷ் சமையல் தெரியுமே, ஏதாவது பண்ணேன்" என்றாய்.

எனக்குத் தெரியும்தான். பொன்மலையில் பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியப் பெண்மணி எனக்கு மூன்று நாலு சாஸ் சொல்லிக்கொடுத்திருந்தாள். வெண்ணெயில் மைதாவை வறுத்துப் பாலை ஊற்றிக் கிளறி மிளகுத்தூள் போடும் வெள்ளை சாஸ். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, தண்ணீர் வடிந்ததும் கொத்தமல்லியும் எலுமிச்சம்பழமும் சேர்ப்பது ஒன்று. எல்லாவற்றுக்கும் மேல் தக்காளி சாஸ். பழத்தைப் பாதியாக நறுக்கி ஆவியில் வேகவைத்து, வேட்டித் துணியில் பிழிந்து, இஞ்சியும் மிளகும் இரண்டு கிராம்பும் சின்ன மூட்டையாகக் கட்டி அதில் போட்டு, துளி வெல்லத்தோடு கரண்டியில் ஒட்டும் வரை காய்ச்ச வேண்டும். இறக்கியபின் எலுமிச்சைச் சாறு. வேகவைத்த பீன்ஸோ பூசணியோ எதுவாக இருந்தாலும் அதன்மேல் ஊற்றலாம். ஊரில் எவளுக்கும் தெரியாதது எனக்குத் தெரியும் என்ற மிதப்பு எனக்கு நிறைய இருந்தது.

ஆனால் உங்கள் அகத்தில் தக்காளி உள்ளே வரக் கூடாது. உன் மாமியாருக்கு அது சீமைக்காய், ரத்த நிறம், பெருமாளுக்கு ஆகாது. உனக்கும் அப்படித்தான், பார்த்தாலே வாயை மூடிக்கொள்வாய். அதனால் நான் என் அடுப்பில் காய்ச்சிக் கல்ஜாடியில் கொண்டுவருவேன். உங்கள் கொல்லைப்படியில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பேன். தளிகை உள்ளுக்குள் போகாமல், அங்கேயே நீ கிண்ணத்தில் ஊற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கூடத்துக்கு எடுத்துப்போவாய்.

ஒருநாள் என் ஆத்துக்காரர் கன்டோன்மென்ட் கடையில் மக்ரோனி வாங்கிவந்தார். வேகவைத்து வெள்ளை சாஸைக் கலந்து கொண்டுவந்தேன். உன் மாமியார் எட்டி நின்று பார்த்தார்.

"இதென்னடி, நெளியறது!"

"நெளியலை மாமி, வெந்திருக்கு."

"குடல்லேர்ந்து வந்தா மாதிரி இருக்கு. இதையா என் பிள்ளைக்குப் போடப்போறேள்? அதுக்கு அவன் பட்டினியே கிடக்கலாம்."

நீ சிரிப்பை அடக்க முடியாமல் கிணற்றடிக்கு ஓடினாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாளை எனக்கு அன்றிலிருந்தே பிடிக்காமல் போயிற்று. உண்மையைச் சொன்னால், அந்த மக்ரோனி கொழகொழவென்று எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை. அவர் சொன்னது சரி என்பதுதான் என் கோபம்.

மக்ரோனியும் திரும்பிவந்தது, தயிர் சாஸும் வந்தது. தக்காளி சாஸை இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "சக்கையா இருக்கு, ஆஸ்பத்திரி வாடை அடிக்கறது" என்றாராம். நீ அதை என்னிடம் வந்து அப்படியே சொன்னாய். உனக்கு அவர் சாப்பிடாத கவலை. எனக்கோ என் சாஸைச் சக்கை என்று சொல்லிவிட்டாரே என்ற ஆத்திரம்.

மறுநாள் இறக்கும்போது மூன்று விரலால் உப்பை எடுத்துப் போட்டேன்.

எழுதிவிட்டேன். ஒரு சிட்டிகை என்ன செய்துவிடும், நாலு வாய் உள்ளே போனால் உடம்பு தெம்பாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று உன் ஆத்துக்காரர் கிண்ணத்தை விரலால் வழித்துச் சாப்பிட்டார். "பொன்மலை மாமிக்கு என்ன கை!" என்று கூடத்திலிருந்து சொன்னது எனக்குச் சுவர் வழியாகவே கேட்டது. நீ ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். அந்தக் கையால்தான் இதையும் எழுதுகிறேன்.

அதற்குப்பின் நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் திரும்பவும் சக்கை என்பார். நம் வீடுகளில் தளிகை பண்ணும்போது நாக்கில் வைத்துப் பார்க்கும் வழக்கம் கிடையாது, எல்லாம் கண்ணளவுதான். அதனால் எவ்வளவு போட்டேன் என்பது எனக்கே தெரியாது. மூன்று விரல் நாளடைவில் ஐந்து விரலாயிற்று. நீயும் ருசி பார்க்கமாட்டாய். ருசி பார்ப்பது எச்சில், அதுவும் தக்காளி. நம் இரண்டு அகத்திலும் அந்த ஜாடியை நாக்கில் வைத்துப் பார்த்தவர் உன் ஆத்துக்காரர் ஒருவர்தான். அவருக்கு ஏன் தெரியாமல் இருக்கும்? தெரிந்துதான் சாப்பிட்டார், வாயைத் திறக்கவில்லை. நானும் அவரும் உனக்குத் தெரியாமல் செய்த காரியம் அது. சீ, எழுதவே கூசுகிறது.

வீக்கம் வடியவில்லை. டாக்டர் உன்னைத் திட்டினார். "வீட்ல யாரோ உப்புக் குடுக்கிறாங்கம்மா. கண்டுபிடிங்க" என்றார்.

நீ வீட்டுக்கு வந்து நேரே உன் மாமியாரின் மாவடு ஜாடியைப் பார்த்தாய். வாயில் கட்டியிருந்த துணி வேறு மாதிரி முடிச்சுப் போட்டிருந்தது. பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்க்கத் திறந்ததாக அவர் சொன்னார். நீ நம்பவில்லை. நீ அவ்வளவு சத்தம் போட்டு நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. "பெத்த பிள்ளையையே கொல்றேளே! நாக்குக்கு ஊட்டி ஊட்டியே கொல்றேளே!" தெருவே கேட்டது. நான் கொல்லை வழியாக ஓடிவந்தேன். கையில் அன்றைய ஜாடி. அதை வைக்கக்கூட மறந்து, பிடித்துக்கொண்டே நின்றேன்.

உன் மாமியார் கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ரங்கநாதன் மேலே ஆணைடி. ஒரு வடு, ஒரு சொட்டு ஜலம் குடுத்திருந்தா என் நாக்கு அழுகிப் போகட்டும்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். என்னைப் பிடிக்காதவர், என் ஜாடியைப் படி தாண்ட விடாதவர், என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். "நீ சொல்லுடி கொழந்தே. நித்தியம் வந்து போறியே. நான் எதாவது குடுத்து நீ பார்த்திருக்கியா?"

"எனக்கென்ன தெரியும் மாமி" என்றேன்.

எத்தனையோ அசிங்கத்தை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வெள்ளம் வடிந்த காவேரிக் கரையில் உப்பி ஒதுங்கிய மாட்டைப் பார்த்திருக்கிறேன். அந்த நாலு வார்த்தையைப்போல எதுவும் என்னைக் குமட்டியதில்லை. ஜாடி என் கையில் சூடாக இருந்தது.

உன் மாமியார் மறுநாள் காலை ஒரு பித்தளைக் கூஜாவும் இரண்டு புடவையுமாக லால்குடியில் இருந்த பெண் வீட்டுக்கு ரயிலேறிப் போய்விட்டார். உன் ஆத்துக்காரர் தடுக்கவில்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் சாஸ் நின்றுவிடுமே! பெற்ற தாய் வாசலைத் தாண்டும்போது அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார்.

நான் அன்றோடு உப்பை நிறுத்தினேன். அவர் முகத்தைச் சுளித்தார், ஆனாலும் ஒன்றும் சொல்லாமல் கொஞ்சம் கொஞ்சம் சாப்பிட்டார். வீக்கம் வடிந்தது. "பார்த்தியாடி, மாமியார் போனதும் வடியறது" என்று நீ என்னிடம் சொன்னாய். நான் தலையை ஆட்டினேன். ஆறு மாதம் நன்றாக இருந்தார். பிறகு மறுபடி வீங்கி, ஐப்பசியில் போய்விட்டார். எப்படியும் கெட்டுப்போன சிறுநீரகம்தான், அதிக நாள் தாங்கியிருக்காது என்றார் டாக்டர். அதைப் பிடித்துக்கொண்டு நான் எத்தனையோ வருஷம் தூங்கினேன்.

காரியத்துக்கு உன் மாமியார் வந்தார். நீ அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பதின்மூன்றாம் நாள் திரும்பிப் போனவர் கடைசிவரை இந்த வீதியை மிதிக்கவில்லை. லால்குடியில் அவர் ஊறுகாய் போடுவதையே விட்டுவிட்டார் என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள்.

பிறகு நீ தையல் தைத்துப் பிள்ளையைப் படிக்கவைத்தாய், ஆளாக்கினாய். நாம் கிழவிகளானோம். திருவானைக்காவலில் உன் பிள்ளை வாங்கிய ஃப்ளாட்டுக்குப் போனபின்னும் வாரத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி வந்து என்னைப் பார்ப்பாய். போன மார்கழியில் உன் கால் வீங்கியது. உனக்கும் உப்புக் கூடாது என்றுவிட்டார்கள். நான் பார்க்க வந்தபோது, கட்டிலில் சாய்ந்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"எனக்கு ஒண்ணு பண்ணித் தருவியாடி? அந்தத் தக்காளி சாஸ்."

"நீயா? பார்த்தாலே ஓடுவியே!"

"பண்ணிண்டு வாயேன். அவருக்குப் பண்ணினியே, அது."

ஆவியில் வேகவைத்து, வேட்டித் துணியில் பிழிந்து, எல்லாம் அதே பக்குவத்தில் பண்ணினேன். உப்பு மட்டும் ஒரு கல்கூடப் போடவில்லை. வேகவைத்த பீன்ஸின் மேல் ஊற்றிக் கரண்டியால் உன் வாயில் வைத்தேன். நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி ரொம்ப நேரம் இருந்தாய். பிறகு விழுங்கினாய்.

"இது அது இல்லைடி" என்றாய்.

நான் கரண்டியைத் திரும்பக் கிண்ணத்தில் வைத்தேன். நீ முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "நாழியாச்சு, வெயில் ஏறதுக்குள்ளே போயிட்டு வா" என்றாய். குரலில் கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை. ஒன்பதாம் நாள் நீ போய்விட்டாய்.

அப்படியானால் நீ அதை ஒருநாள் ருசி பார்த்திருக்கிறாய். என்றைக்கு? உன் மாமியார் ரயிலேறிய பின், ஜாடியில் ஒட்டியிருந்ததை வழித்துப் பார்த்தாயா? அப்படியென்றால் என்னை அறிந்துகொண்டே அறுபது வருஷம் என்னோடு சிரித்துப் பேசியிருக்கிறாய். இல்லை, அதற்கு முன்பேயா? உப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டுதான், உன் மாமியாரைக் கூடத்தில் நிறுத்திவைத்து அந்தக் கத்துக் கத்தினாயா?

மூன்று மாதமாக இதைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன். நீ நல்லவள், பின்னால்தான் தெரிந்திருக்கும் என்று சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் என் மனசு அதற்கு ஆசைப்படவில்லை. முன்பே உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அந்தப் பாவத்தில் பாதி உன்னுடையதாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.