சீட்டின் பின்பக்கம்

பாறசாலை,
ஜனவரி 6.

அன்பு மகள் ஜோஸ்னாவுக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அயர்லாந்துக் குளிரில் நீ குல்லா போடாமல் டியூட்டிக்குப் போகிறாயாம், அம்மாவுக்கு அது ஒரு கவலை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. வீடு இப்போது இருக்கிற அமைதியில், போனில் முணுமுணுத்தாலும் அடுக்களைக்குக் கேட்டுவிடும்.

போன மாதம் இப்படியா இருந்தது! அம்மா வார்டில் ஜெயித்த நாளிலிருந்து நம் வீடு கல்யாண வீடுதான். பத்தொன்பது வார்டில் பத்து நம் கட்சிக்கு. பஞ்சாயத்து பிரசிடெண்ட் பதவி இந்த முறை பெண்ணுக்கு. பிறகு கேட்கவா வேண்டும்? சாயாக்கடையில், சபையில், நெய்யாற்றின்கரை பஸ்ஸில் எல்லாம் நம் கட்சியில் யார் பிரசிடெண்ட், ராஜபாயா, சுமி டீச்சரா என்றுதான் பேச்சு. முதல் இரண்டரை வருஷம் அம்மா, மீதி சுமி என்று சிலர் பங்கு பிரித்தும் கொடுத்துவிட்டார்கள். காலையில் வைஸ் பிரசிடெண்ட் ஆனவர் சாயங்காலத்துக்குள் வெறும் கமிட்டி சேர்மனாக இறங்கிவிடுவார். வார்டு செயலாளர் ராபின்சன் மட்டும், "ராஜபாய் அக்காதான் ஆக்கும், எழுதி வச்சுக்கிடுங்க" என்று சொல்லிச் சொல்லியே நம் கிறிஸ்துமஸ் கேக்கைத் தின்று தீர்த்தான்.

சபையிலிருந்து இருபது நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அதில் எனக்கு உட்கார ஒன்று கிடைக்கவில்லை. சாயா போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். கிறிஸ்துமஸ் மதியம்கூட அம்மாவை யாரோ தலைவரைப் பார்க்க அழைத்துப் போய்விட்டார்கள். நான் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் மக்கா, அவள் பிரசிடெண்ட் ஆகக்கூடாது என்று அன்றைக்கு நான் ஜெபித்தேன்.

பஞ்சாயத்து ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் கிளார்க்காக இருந்தவன் நான். அதனால் "சட்டமெல்லாம் எலியா அண்ணன் சொல்லித் தருவாரு" என்று ராபின்சன் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டான். சத்தியப்பிரமாணத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்துப் பழக்கினேன். தடுமாறாமல் சொன்னாள். கடைசியில் கட்சி அம்மா பெயரையே சொன்னது. மெம்பர்கள் வோட்டுப் போடும் பிரசிடெண்ட் தேர்தலுக்கு முந்தின நாள் காலையில், சட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "இஞ்ச பாருங்க, பெருக்கல் குறி போட்டா போதும்தானே? வேற ஒண்ணும் உண்டா?"

உண்டு. சீட்டின் பின்பக்கம் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் அந்த வோட்டு செல்லாது. எத்தனை தேர்தலில் அந்த மேஜைப் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன், எனக்கா தெரியாது? "அவ்வளவுதான்" என்றேன். வாய் தவறியது என்று வைத்துக்கொண்டாலும், திருத்த ஒரு பகல் முழுக்க இருந்தது. திருத்தவில்லை.

மறுநாள் அதிகாரி விதிகளை மலையாளத்தில் கடகடவென்று வாசித்தாராம். அம்மா பதற்றத்தில் குறியை மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டாள். அவள் போட்ட வோட்டு அவளுக்கே செல்லவில்லை. ஒன்பதுக்கு ஒன்பது. இரண்டு பெயரையும் எழுதிப் போட்டு, குலுக்கி ஒன்றை எடுத்தார்கள். எதிர்க்கட்சி ஷிஜாவின் பெயர் வந்தது.

அன்று சாயங்காலமே நாற்காலிகள் போய்விட்டன. காசு வாங்கிக்கொண்டுதான் வோட்டைக் கெடுத்தாள் என்று சந்தியில் நின்று, கடைசி வரை நம் கூட இருந்தவர்களே பேசுகிறார்கள். ராபின்சன் முற்றத்தில் நின்று, "அண்ணே, நீங்க இத சொல்லித் தரல்லியா?" என்று என்மேல் பாய்ந்தான். நான் வாய் திறப்பதற்குள் அம்மா உள்ளேயிருந்து வந்தாள். "அவிய சொல்லித் தந்தாவ. நான்தான் மறந்தேன். அவியள ஒண்ணும் சொல்லாண்டாம்" என்றாள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. இப்போது மூன்று வேளையும் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம். சோறு வைக்கிறாள், மீன் வைக்கிறாள், மருந்தை எடுத்துத் தருகிறாள். பேச்சுதான் இல்லை. வீடு நிறைய ஆள் இருந்தபோதுகூட நான் இவ்வளவு தனியாக இல்லை.

இருபதாம் தேதி பஞ்சாயத்துக் கூட்டம். போகமாட்டேன் என்கிறாள். ஜனங்கள் தேர்ந்தெடுத்த மெம்பர் அவள், போகத்தான் வேண்டும். சொல்ல எனக்கு வாய் இல்லை, நீ சொல். அப்பா எல்லாம் எழுதிவிட்டார் என்றும் சொல்லிவிடு.

கர்த்தர் உன்னைக் காப்பாராக. அம்மாவிடம் இன்னும் ஒன்று கேள் மக்கா: என்னை ஒரு தடவையாவது வாய்விட்டுத் திட்டச் சொல்.

உன் அப்பா,
எலியா