பதினொரு எட்டு

அன்புள்ள உங்களுக்கு,

"பிள்ளை நடந்துட்டாளா?" என்று நீங்கள் கேட்டுப் பத்து நாளாச்சு. பதினாறு மாசமாகியும் நிற்க மட்டுமே செய்தவளைப் பற்றி என்ன எழுதுவது என்றுதான் தள்ளிப்போட்டேன். கீரனூர் டாக்டரும் "பொறுங்கம்மா" என்பதோடு சரி.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், திட்டாதீங்க. மோட்டார் மாற்றி, பெரிய டயர் போட்டு, "யாரும் தொடக்கூடாது" என்று பரண்மேல் வைத்துவிட்டுக் கத்தார் போனீர்களே, அந்த ரிமோட் காரை எடுத்து ஓட்டினேன். பிள்ளைக்கு வேடிக்கை காட்டத்தான். வாசலில் விட்டதும் அன்சிலா என் நைட்டியை விட்டுவிட்டு அதன் பின்னாலேயே நாலு எட்டு வைத்தாள். ரோட்டுப் பக்கமாக! பதறிப்போய்க் காரைத் திருப்பினேன். நம்மைப் பார்த்து வரும்போது இடதும் வலதும் மாறிவிடும் என்று ஏன் சொல்லவில்லை? கேட்டில் மோதி முன்சக்கரத்தைத் தாங்குகிற ஆர்ம் உடைந்தது.

உங்கள் ஸ்பேர் டப்பாவில் இருந்த புது ஆர்மை வீடியோ பார்த்து நானே மாட்டினேன். "எம்புள்ளைக்குப் பிடிச்ச கிறுக்கு ஒனக்கும் பிடிச்சிருச்சா?" என்று அத்தை சிரிக்கிறார்கள். கேட்டைப் பூட்டிவிட்டு மூன்று நாள் பழகினேன்.

இன்று காரை என் பக்கமாக நேராகக் கொண்டுவந்தேன். அவளும் வந்தாள். பதினொரு எட்டு. பன்னிரண்டாவது என் மடி.

கார் நின்றால் அவளும் உட்கார்ந்துவிடுகிறாள். அதனால் சென்ட் எல்லாம் வேண்டாம், ரெண்டு பேட்டரி வாங்கிட்டு வாங்க. வரும் அன்று கேட்டிலேயே நில்லுங்கள், காரை உங்கள் பக்கம் விடுகிறேன். கார் என்னைவிட்டு அங்கிட்டுப் போகும்போது தப்பாமல் ஓட்டுவேன்.

ரிமோட்டும் கையுமாக,
உங்கள் மனைவி