வீங்கிய பேட்டரி

பெருமாட்டி,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் அருள்மேரி வணக்கத்தோடு எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? காந்தலூர்க் குளிரில் விடியற்காலையில் பூண்டுத் தோட்டத்துக்குப் போகாதீர்கள்.

போன வாரம் சின்னதாக ஒன்று நடந்தது, பயப்படாதீர்கள். எங்கள் பழைய பேட்டரி சேகரிப்பு மையத்துக்கு ஈஸ்வரன் என்பவர் தன் மின்சார ஸ்கூட்டரின் பேட்டரியைக் கொண்டுவந்தார். பழைய இரும்புக் கடையில் அதைப் பாதி பிரித்துவிட்டார்களாம். நன்றாக வீங்கியிருந்தது.

“பிரிச்ச பேட்டரியை எடுக்க ரூல் இல்லை, திருப்பி அனுப்பு” என்றார் சூப்பர்வைசர்.

“ஏனுங்க, ஊட்ல ரெண்டு கொழந்தைங்க இருக்குதுங்க. இத எங்கீங்க கொண்டுபோய் வெக்கறது?” என்றார் ஈஸ்வரன்.

எனக்கு மனம் கேட்கவில்லை. “இது வீட்டுக்குத் திரும்பிப் போகக் கூடாதுன்னுதான சார் இந்த சென்டருக்கு ரூலே போட்டிருக்காங்க” என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். பதிவேட்டில் பெயர் எழுதும்போதே புகை வந்தது. தள்ளுவண்டியில் வைத்து ஓடி, வெளியே தண்ணீர்த் தொட்டிக்குள் தள்ளிவிட்டேன். கையில் ஒரு கொப்புளம், அவ்வளவுதான். சூப்பர்வைசர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்.

தம்பி தன் ஸ்கூட்டரிலிருந்து கழற்றிய பேட்டரி கட்டிலுக்கு அடியில் இருக்கிறதே, அதை இன்றே வெளிக் கொட்டகையில் வையுங்கள். யாருக்கும் விற்க வேண்டாம். வெள்ளிக்கிழமை எங்கள் வண்டி வந்து எடுத்துக்கொள்ளும். கொஞ்சம் பூண்டும் கொடுத்தனுப்புங்கள். ஒருத்திக்குச் சமைப்பதற்கு ஒரு கைப்பிடி போதும்.

ஷிப்டுக்கு மணி அடித்துவிட்டது. பேட்டரியோடு நீங்கள் வர வேண்டும் என்று விதி எதுவும் இல்லை, அப்பா. ஆனாலும் டிரைவர் பக்கத்து இருக்கையில் வேறு யாரையும் ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அன்பு மகள்,
மேரி