ரிலீஸில் மட்டும் விழும் புரோகிராம்

19 பெப்ரவரி 2007, திங்கள்

இன்றும் விழுந்தது. என் மேசையில் ஒரு குறையுமில்லாமல் ஓடுகிற புரோகிராம், யோகலிங்கம் சேரின் அறையிலுள்ள பெரிய கொம்பியூட்டரில் போட்டதும் பாதியில் நின்று செத்துப்போகிறது. போன கிழமையிலிருந்து இதே கூத்து.

"பிள்ளை, உம்மட மெஷினில ஓடுறது இதில ஏன் ஓடாது?" என்று சேர் கேட்டார். பொறுப்பதிகாரி, கேட்கத்தானே செய்வார். விளக்கினேன். எழுதும்போது நாங்கள் ஓட்டிப் பார்ப்பது டீபக் என்ற பதிப்பு. அதில் பிழை பிடிப்பதற்காக அங்கங்கே முட்டுக்கொடுத்து, இடைவெளி விட்டு வைத்திருக்கும். வேலை முடிந்து கொடுப்பது ரிலீஸ். முட்டெல்லாம் கழற்றியாயிற்று, அதனால் வேகம். எங்கேயோ ஒரு பிழை இருக்கிறது. முட்டு நிற்கும்வரை அது வெளியே தெரியவில்லை.

"அப்ப டீபக்கையே இதில ஓட்டுமன்."

ஓட்டினேன். விழவில்லை. ஆனால் ஆமை வேகம். மட்டக்களப்பு முகாம்களில் பதிந்த பெயர்களையும் எங்கள் அலுவலகத்தில் பதிந்த பெயர்களையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, பிரிந்துபோன குடும்பங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். அது முடிவதற்குள் கரண்ட் போய்விடுகிறது. ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை. திரும்ப முதலிலிருந்து.

உண்மையான பெயர்களை என் மேசைக்குக் கொண்டுவரவும் சேர் விடமாட்டார். அது சரிதான். பெயர்ப்பட்டியல் பிழையான கையில் போனால் என்ன நடக்கும் என்று திருகோணமலையில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆகவே நானாக உண்டாக்கிய பொய்ப்பெயர்களை வைத்துத்தான் சோதிக்கிறேன். அவை நல்ல பிள்ளைகள், ஒருநாளும் விழுவதில்லை.

20 பெப்ரவரி, செவ்வாய்

ராசமலரக்கா வந்தார். வராத நாள் எது? ஊர் வெருகல் பக்கம். போன வருடம் தங்கையின் பிரசவத்துக்கு இங்கே ஆசுபத்திரிக்கு வந்தவர். வந்த இடத்தில் சண்டை தொடங்கி, பாதை மூடிவிட்டது. புருசன் கதிராமனும் மகள் கஜந்தினியும் அந்தப் பக்கம். சனத்தோடு வாகரைக்குப் போனார்கள் என்பதுவரை தெரியும். பிறகு கதை இல்லை.

"மெஷினுக்கு வருத்தம் எண்டு ஜெஸீமாப் புள்ள சொன்னா. இண்டைக்குச் சுகமா மிஸ்?" என்று கேட்டார்.

ஜெஸீமா எங்கள் அலுவலகத்தில் பெயர் அடிப்பவள். இன்னும் இல்லை அக்கா என்றேன். தலையாட்டிவிட்டுக் கதிரையில் இருந்தார். கோபப்பட்டுப் பேசினாலாவது எனக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும்.

21 பெப்ரவரி, புதன்

எந்தப் பதிவில் விழுகிறது என்று பார்க்க, ஒவ்வொரு பதிவின் எண்ணையும் எழுதிவைக்கும்படி ஒரு வரி சேர்த்தேன். அந்த இடத்தைச் சுகமாகத் தாண்டிப் போய் வேறொரு இடத்தில் விழுந்தது. வரியை எடுத்தேன், பழைய இடத்தில் விழுந்தது. ஒளிச்சுப் பிடிச்சு விளையாடுது சனியன். நான் பார்க்கிறன் எண்டு அதுக்குத் தெரியுமோ?

23 பெப்ரவரி, வெள்ளி

துறைமுகப் பக்கம் காலையிலேயே வெடிச்சத்தம். பாதைப் படகு ஓடவில்லை, கிண்ணியாவிலிருந்து ஜெஸீமா வர ஏலவில்லை. பெயர் அடிப்பதற்கு ஆளில்லாமல் சனம் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனது.

சேர் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்: வருகிற மாதம் முகாம்களை மாற்றப் போகிறார்களாம். ஆட்களை எங்கே கொண்டுபோவார்கள் என்று தெரியாது. அதன் பிறகு இந்தப் பட்டியலை வைத்து யாரையும் தேட முடியாது.

அன்புவழிபுரத்து வீட்டுக்கு நடந்தே வந்தேன். அம்மா சோறு போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். வேறு யாரிடமாவது இந்த வேலையைக் கொடுத்திருக்கலாம். கெட்டிக்காரர் எல்லாம் கனடாவில். மிஞ்சினது நான்.

26 பெப்ரவரி, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம். இல்லை, அப்படி எழுதக்கூடாது.

காலையில் ஜெஸீமாவின் மேசையருகே நின்றேன். மூதூர்க்காரர் ஒருவர், ஆதம்பாவா, பதிய வந்திருந்தார்.

"வாப்பாட பேர்?"

"கலீலுர் றஹ்மான்."

"இரிக்காரா?"

"மௌத்தாகிக் கன காலம்."

கையை எடுக்காமலே பெயருக்கு முன்னால் 'மர்ஹூம்' என்று அடித்தாள். அப்படி அடிக்கும்படி யார் சொன்னது என்று கேட்டேன். நான் ஏதோ தகாத கதை கதைத்ததுபோலப் பார்த்தாள்.

"மௌத்தானவர்ட பேர மொட்டையா எழுதுறதா மிஸ்? தமிழாக்கள் எண்டா காலஞ்சென்ற எண்டு போடுவம். மட்டக்களப்பிலயும் அப்பிடித்தான் அடிச்சிரிக்காங்க."

தகப்பன் பெயருக்கு நான் ஒதுக்கியது இருபத்துநாலு இடம். எங்கள் எழுத்துருவில் மெய்யெழுத்தின் குற்றும் கொம்பும்கூடத் தனித்தனி இடம் பிடிக்கும். அதைக் கணக்குப் பார்த்துத்தான் ஒதுக்கினேன், எந்தப் பெயரும் அடங்கும் என்று. 'காலஞ்சென்ற' சேர்ந்தால் நீளமான பெயர் அடங்காது. வழிந்து பக்கத்தில் இருப்பதை அழித்துவிடும். டீபக்கில் பக்கத்தில் சும்மா இடைவெளி கிடந்தது, அதில் வழிந்தது யாருக்கும் தெரியவில்லை. ரிலீஸில் அந்த இடைவெளி இல்லை.

நான் உண்டாக்கிய பொய்ப்பிள்ளைகள் எல்லாருக்கும் தகப்பன் உயிரோடு இருந்தான். இந்த நாட்டில்! அப்பா போய் ஆறு வருடம். அண்ணாவின் கல்யாணக் கார்ட்டில் 'காலஞ்சென்ற' விடுபட்டுப்போக, அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பிச் சண்டை பிடித்தவள் நான். எனக்கு எப்படி இது தோன்றாமல் போனது?

இடத்தைக் கூட்டினேன். ரிலீஸைத் திரும்ப உருவாக்கி ஓட்டினேன். கரண்ட் போகுமுன்னே முடிந்துவிட்டது. திரை நிறையப் பொருத்தங்கள். ஜெஸீமா கையைத் தட்டினாள். ராசமலர் என்று தேடினேன், வந்தது. மகள் கஜந்தினி, ஆறு வயது, மட்டக்களப்பு முகாம். "அல்ஹம்துலில்லாஹ்" என்று ஜெஸீமா என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள்.

பிறகுதான் அடுத்த கட்டத்தைப் பார்த்தோம். தகப்பன் பெயர்: காலஞ்சென்ற வேலாப்போடி கதிராமன்.

முதலில் விழுந்தது இந்தப் பதிவில்தானா என்று பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

27 பெப்ரவரி, செவ்வாய்

முகாமுக்குப் போன் எடுத்தோம். பக்கத்து வீட்டு மனுசி ஒருவர்தான் பிள்ளையைக் கூட்டிவந்து பதிந்திருக்கிறார். வாகரையில் ஷெல் விழுந்ததாம். அதற்கு மேல் அங்கே யாருக்கும் தெரியாது.

ராசமலரக்கா வந்தபோது தேத்தண்ணி போடும் பின்பக்கக் குசினிக்குள் போய் நின்றுகொண்டேன். மெஷினுக்கு இன்னும் வருத்தம் என்று ஜெஸீமா சொல்லி அனுப்பினாள்.

28 பெப்ரவரி, புதன்

"பிள்ளை உயிரோட இருக்கிறதை முதல் சொல்லும்" என்றார் சேர். அப்படித்தான் சொன்னேன்.

அக்கா எழும்பி நின்றுவிட்டார். சிரித்தார். இத்தனை மாதத்தில் அவருடைய பல்லை இன்றுதான் கண்டேன். "என்ட புள்ள, என்ட புள்ள" என்று என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு, "அவரும் அங்கதானே?" என்றார்.

சொன்னேன். என்ன சொற்களில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

கையை விடவில்லை. "புள்ளைக்கு ஆர் சோறு குடுக்கிற?" என்று கேட்டார்.

1 மார்ச், வியாழன்

புரோகிராம் நன்றாக ஓடுகிறது. சேர் கொழும்புக்கு அறிவித்து, பாராட்டி ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது.

2 மார்ச், வெள்ளி

பிள்ளையைக் கூட்டிவர அனுமதி கேட்டுப் பதிய ராசமலரக்கா வந்தார். தலைவாரி, பொட்டு வைத்து, எப்போதும்போலத்தான். ஜெஸீமா கேட்கக் கேட்கப் பதில் சொன்னார். புருசன் பெயர் வந்தபோது ஜெஸீமா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"வேலாப்போடி கதிராமன்" என்றார் அக்கா. அவள் விரல் அசையவில்லை. அக்கா எட்டித் திரையைப் பார்த்தார்.

"அதுக்கு முன்னால ஒண்டும் போடாதீங்க தங்கச்சி. நான் கண்ணால காணல்ல."

ஜெஸீமா பெயரை மட்டும் அடித்தாள்.